நான்கு நாளுக்கு ஒரு தீவு

கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை மலையில்தான் போய் முட்டும். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, தெற்கே இரண்டும் நெருங்கி வரும் குமுளிப் பக்கம். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, குமுளி நெடுஞ்சாலையோரம் இருக்கிற அனுமந்தன்பட்டிக்கு நெல் வயல் உண்டு, தென்னந்தோப்பு உண்டு, திராட்சைப் பந்தல் உண்டு, முல்லைப் பெரியாறு உண்டு. இல்லாதது கடல் ஒன்றுதான். அதனால் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் ஓய்வு என்று நினைக்கும்போது தீவும் கடலும் மனதில் எழுவது இயல்பு. புதிதாகத் திருமணமானவர்கள், இருபத்தைந்தாம் மணநாள் காணும் பெற்றோரை எங்காவது அனுப்பிவைக்க விரும்பும் பெங்களூரு, சென்னைப் பிள்ளைகள், நல்ல விலை கண்ட ஆண்டில் கொஞ்சம் மூச்சு விட நினைக்கும் விவசாயிகள் என்று பலருக்கும் நட்சத்திர விடுதியில் நான்கு நாள் தீவு விடுமுறை இன்று எட்டாத ஆசை இல்லை. எட்டாமல் போவது அந்த விடுமுறையின் பலன்தான். விளம்பரம் நீலக் கடல்மேல் நிற்கும் மர வீட்டைக் காட்டும். அனுமந்தன்பட்டியிலிருந்து கிளம்பியவர் அந்த வாசலை எத்தனை மணிக்கு மிதிப்பார் என்பதைச் சொல்லாது. குறுகிய விடுமுறையில் சொகுசு என்பது வாடகையில் இல்லை, மணிக்கணக்கில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்தக் கணக்கை வைத்துத் தேர்ந்தால் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு ஏற்றது இலங்கையின் தென்மேற்குக் கரை. அதிலும் தை, மாசி மாதங்கள். அங்கும் ஒரே ஊர், ஒரே விடுதி.

நான்கு நாள் என்பது தொண்ணூற்றாறு மணி நேரம். தூங்கும் நேரத்தைக் கழித்தால் விழித்திருப்பது ஏறத்தாழ அறுபத்து நான்கு மணி நேரம். போக்குவரத்து, விமான நிலையக் காத்திருப்பு, படகுத்துறை வரிசை, அறை தயாராகும்வரை வரவேற்புக் கூடத்தில் உட்கார்ந்திருத்தல் எல்லாம் இந்த அறுபத்து நான்கிலிருந்துதான் கழியும். பத்து நாள் விடுமுறையில் ஒரு நாள் வீணானால் தாங்கலாம். நான்கு நாளில் ஒரு நாள் போனால் கால்வாசி போயிற்று. ஆனால் பணம் கால்வாசி குறையாது; கட்டிய மூன்று இரவு வாடகை அப்படியே நிற்கும். விலை உயர்ந்த விடுதி என்றால் இழப்பும் அந்த அளவுக்கு உயரும். ஆகவே ஓர் இரவுக்கு எவ்வளவு என்று கேட்பதைவிட, கடலோரத்தில் நிம்மதியாக இருக்கக் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கேட்பதே நேர்மையான கணக்கு. இதை வைத்து நமக்கு எட்டும் நான்கு தீவு இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் எல்லோர் நாவிலும் வருவது மாலத்தீவு. ஏறத்தாழ 1,190 பவளத் தீவுகள் கொண்ட நாடு. 1972-இல் குரும்பா என்ற முதல் விடுதி திறந்தது முதல் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே அங்கு சொகுசு விடுதிகளின் அமைப்பு. இந்தியர்களுக்கு இறங்கியதும் விசா கிடைக்கிறது. ஆனால் அனுமந்தன்பட்டியிலிருந்து பார்த்தால் வழி நீளம். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறி, வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம், முண்டக்கயம் என்று இறங்கிக் கொச்சி விமான நிலையம் சேர ஐந்து மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்கு முன்னதாகச் செல்லும் மூன்று மணி நேரம், மாலேக்குப் பறக்கும் நேரம், அங்கு வெளியே வரும் நேரம் எல்லாம் அதன்மேல் சேரும். அதற்குப் பிறகுதான் உண்மையான தடை. தொலைவில் இருக்கும் பவளத் தீவு விடுதிகளுக்குக் கடல் விமானத்தில் போக வேண்டும். அவை பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் மாலே இறங்குகிறவர் அன்றிரவை விமான நிலையத்தை ஒட்டிய நகரில் கழித்துவிட்டு மறுநாள் காலைதான் தன் தீவுக்குப் போக முடியும். திரும்பும்போதும் இதே கட்டுப்பாடுதான். மூன்று இரவில் ஓர் இரவு இப்படிக் கரைந்தால், விளம்பரப் படத்தில் கண்ட மர வீடு இரண்டு இரவுக்குத்தான் நமக்குச் சொந்தம். கடல் விமானக் கட்டணமோ ஆளுக்குச் சில நூறு டாலர். இரண்டு இரவு தங்கினாலும் பத்து இரவு தங்கினாலும் அது ஒன்றே.

லட்சத்தீவு நம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2024 ஜனவரியில் பிரதமர் அங்கு சென்ற படங்கள் வெளிவந்த பிறகு அதைப் பற்றிய பேச்சும் கூடியிருக்கிறது. முப்பத்தாறு தீவுகள், எல்லாம் சேர்ந்தே 32 சதுர கிலோமீட்டர், அவற்றில் மக்கள் வாழ்பவை பத்து. அவ்வளவு சிறிய நிலம் கூட்டத்தைத் தாங்காது என்பதால் இந்தியர்களும் முன் அனுமதி பெற்றே நுழைய வேண்டும். அந்தக் கட்டுப்பாடு நியாயமானது. விமான நிலையம் அகத்தியில் மட்டுமே. சிறிய விமானங்கள்தான் இறங்கும். அங்கிருந்து பங்காரம் போன்ற தீவுக்குப் படகில் போக வேண்டும். அனுமதி, இருக்கை, படகு, அறை என்ற நான்கும் ஒரே தேதியில் கூடினால்தான் பயணம். ஒன்று தவறினாலும் மாற்று வழி அரிது. அந்தமானோ இன்னும் தொலைவு. சென்னை போய், அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து, ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேரில் இறங்கி, பிறகு படகேறி ஹேவ்லாக் என்ற சுவராஜ் தீவை அடைய வேண்டும். ராதாநகர் கடற்கரை எவ்வளவு அழகானதாக இருந்தாலும், தேனி மாவட்டத்திலிருந்து போகிறவருக்குப் போக ஒரு முழு நாள், வர ஒரு முழு நாள். இந்த இரண்டும் ஒரு வாரம் கையில் இருப்பவர்களுக்கான இடங்கள்.

இலங்கைக்கான வழி இவற்றிலிருந்து வேறுபடுகிறது. அனுமந்தன்பட்டியிலிருந்து தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி வழியாக மதுரை விமான நிலையத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. வானில் இருப்பது ஒரு மணி நேர அளவுதான். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியபின் இருந்த பழைய சிக்கல் கொழும்பு நகர நெரிசல். அந்த நகரைக் கடப்பதிலேயே அரை நாள் போன காலம் உண்டு. காலிக்குப் போகும் தெற்கு அதிவேகப் பாதை 2011-லும், விமான நிலையத்தையும் கொழும்பையும் இணைக்கும் பாதை 2013-லும் திறந்தன. நகரைச் சுற்றி வரும் வெளிவட்டப் பாதையின் கடைசிப் பகுதி 2019-இல் முடிந்து இரண்டையும் இணைத்தது. இப்போது நகருக்குள் நுழையாமலேயே விமான நிலையத்திலிருந்து தென்மேற்குக் கரையிலுள்ள பெந்தோட்டை கடற்கரைக்கு இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரை, காத்திருப்புகள் எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம் என்று கொள்ளலாம். விமானம் காலையிலோ நண்பகலிலோ என்றால், அன்று மாலைச் சூரியன் கடலில் இறங்குவதற்குள் நாமும் மணலில் இறங்கியிருக்கலாம். இரவு விமானம் என்றால் இந்தக் கணக்குக் குலைந்துவிடும். ஆகவே விடுதியைத் தேர்வதற்கு முன் விமான நேரத்தைப் பாருங்கள். விமானம் எந்தெந்தக் கிழமைகளில், எந்த நேரத்தில் என்பது அட்டவணைக்கு அட்டவணை மாறும்.

தொலைவுக்கு அடுத்தது பருவம். இதில் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் தேக்கடியில் மழை கொட்டும்போது கம்பத்தில் சாரலும் காற்றும் மட்டும் வரும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் அந்தப் பக்கத்தில் நீரை இறக்கிவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் வருகிறது. அந்தப் பக்கத்து மழையை அணையில் தேக்கிச் சுரங்கத்தின் வழியே இந்தப் பக்கம் கொண்டுவந்ததுதான் பொறியாளர் பென்னிகுவிக் 1895-இல் முடித்துக் காட்டிய வேலை. இலங்கையின் வானிலையும் இதே விதியில் அமைந்தது. நடுவில் மத்திய மலைநாடு எழுந்து நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கொழும்பு, பெந்தோட்டை, காலிக் கரையில் மழையைக் கொட்டிக் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. அதே நாளில் மலைக்கு அப்பால் மட்டக்களப்பும் திருகோணமலையும் காய்ந்து கிடக்கும். மட்டக்களப்புத் தமிழர்கள் அந்த உலர்காற்றைக் கச்சான் என்பார்கள். ஐப்பசி முதல் வடகிழக்குப் பருவம் தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். கிழக்குக் கரை நனையும், மார்கழி வாக்கில் தென்மேற்குக் கரை தெளியும். அக்டோபரும் நவம்பரும் தீவு முழுக்கவே இடிமழைக் காலம். ஆக இலங்கைக்கு எப்போது போகலாம் என்ற கேள்வியே பாதிக் கேள்விதான். எந்தக் கரைக்கு எப்போது என்று கேட்டால்தான் விடை வரும். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை தென்மேற்கு, மே முதல் செப்டம்பர் வரை கிழக்கு. பெரிய விடுதியிலும் ஜூன் மாதப் பெந்தோட்டை வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அறை மலிவு, ஆனால் கடலில் கால் வைக்க முடியாது.

இந்தத் தெளிந்த மாதங்கள் நம் பள்ளத்தாக்கின் நாட்காட்டியோடும் பொருந்துகின்றன. பெரியாற்றுத் தண்ணீரில் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு ஜூன் தொடக்கத்தில் முதல் போகத் தண்ணீர் திறப்பது வழக்கம். நாற்று, நடவு, களை, அறுவடை, உடனே இரண்டாம் போகம் என்று வயல்காரர் வீட்டுக்கு ஆண்டின் பின்பாதி முழுக்க ஓய்வில்லை. தையில் இரண்டாம் போகப் பயிர் வயலில் தன் பாட்டுக்கு வளர்ந்து கொண்டிருக்கும்போது ஓர் இடைவெளி கிடைக்கும். அறுவடை முடிந்தபின் மாசிக் கடைசியில் இன்னொன்று. அரசு ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் பொங்கல் விடுமுறை தொடர்ந்து வரும் நாட்கள். இலங்கையிலும் தைப்பொங்கல் அரசு விடுமுறை. ஆண்டு முழுக்க மாறி மாறிக் காய்க்கும் பன்னீர் திராட்சைத் தோட்டக்காரருக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது; அவர் தன் தோட்டத்தின் கவாத்து நாளைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. ஐரோப்பியர் கூட்டத்தால் அப்போது வாடகை உச்சத்தில் நிற்கும். ஒவ்வொரு மாதமும் பௌர்ணமி அன்று இலங்கையில் போயா விடுமுறை. மது விற்பனை இருக்காது, கடைகள் பலவும் மூடியிருக்கும். அமைதி வேண்டுவோருக்கு அது நல்ல நாள், கடைவீதி பார்க்க விரும்புவோருக்கு இல்லை.

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உடனே ஒரு கேள்வி எழும்: எங்களுக்கு மே மாதம்தானே விடுமுறை? கேள்வி நியாயமானது. மே மாதத்தில் சரியான கடல் கிழக்கில் இருக்கிறது. மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடாவில் கடல் நெடுந்தூரம் வரை இடுப்பளவுதான். குழந்தைகளுக்கு அதைவிட ஏற்ற கரை அரிது. ஊர் தமிழ் பேசும் ஊர். ஆனால் கட்டுநாயக்கவிலிருந்து பாசிக்குடா போகத் தீவைக் குறுக்கே கடக்க வேண்டும். சாலையில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். அங்கே போவதென்றால் ஆறு நாள் ஒதுக்கிப் போக வேண்டும். நான்கு நாள்தான் என்றால் பிள்ளைகளோடு பொங்கல் விடுமுறையில் தென்மேற்குக் கரைக்குப் போவதே சரி. நான்கு நாளை வைத்துக்கொண்டு மே மாதத்தில் பெந்தோட்டைக்குப் போவது மட்டும் வேண்டாம். சிவப்புக் கொடி பறக்கும் கரையில் பிள்ளைகளைத் தண்ணீருக்கு விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் விடுமுறை ஆகாது.

பெந்தோட்டையை நான் முன்வைப்பதற்குத் தொலைவும் பருவமும் தவிர இன்னொரு காரணமும் உண்டு. வெப்ப மண்டலத்துச் சொகுசு எப்படி இருக்க வேண்டும் என்று உலகம் இன்று நம்புகிறதோ, அதன் வடிவம் பெருமளவு இந்தக் கரையில் உருவானது. ஜெஃப்ரி பாவா என்ற இலங்கைக் கட்டடக் கலைஞர் (1919–2003) 1960களின் கடைசியில் இங்கே பெந்தோட்டை பீச் ஹோட்டலைக் கட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் மனிதரை அடைத்துக் குளிரூட்டுவதற்குப் பதிலாகத் தாழ்வாரம், முற்றம், ஓட்டுக்கூரை, நிழல், நீர் இவற்றைக் கொண்டே வெயிலை இனிமையாக்க முடியும் என்று அவர் காட்டினார். அகுங்கல்லவிலும் காலியிலும் கந்தளமவிலும் அவர் கட்டிய விடுதிகள் அதே வழியைத் தொடர்ந்தன. 1948-இல் தொடங்கி வாழ்நாள் முழுக்க அவர் செதுக்கிய லுனுகங்கா தோட்டம் பெந்தோட்டைக்கு அருகில்தான் இருக்கிறது, பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். இந்தப் பாவா நமக்கு அந்நியரும் இல்லை. 1970களில் மதுரை கிளப்பை வடிவமைத்தவர், சென்னை கன்னிமாரா ஹோட்டலைப் புதுப்பித்தவர் அவரே. முற்றமும் திண்ணையும் தூணும் வைத்த வீடுகளில் வளர்ந்த நம்மவர்கள் அவருடைய விடுதித் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால், சொகுசு என்று வேறெங்கோ தேடியது பாட்டன் வீட்டுத் திண்ணையிலும் இருந்தது என்று உணர்வார்கள். காற்றோட்டமான ஓர் இடத்தில் வேலை ஏதுமின்றி நீண்ட நேரம் உட்கார முடிவதுதான் பாவா கண்ட சொகுசு. அப்படி உட்காரத்தான் மணிகள் வேண்டும் என்கிறேன்.

இவ்வளவு தூரம் போய் ஒரே ஊரில் முடங்குவதா, கண்டி, சிகிரியா, நுவரெலியா எல்லாம் பார்க்க வேண்டாமா என்று கேட்பவர்கள் பலர். நம்மூர்ச் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் தரும் நான்கு நாள் திட்டங்கள் பலவும் இந்த ஆசையை நம்பியே தயாராகின்றன; நாளுக்கு ஓர் ஊர், நாளுக்கு ஒரு விடுதி, தினமும் காலையில் பெட்டி கட்டுதல். கண்டியும் சிகிரியாவும் பார்க்கத் தகுந்தவை என்பதில் ஐயமில்லை. அவற்றுக்கென்று தனியே ஒரு பயணம் வைப்பதுதான் அவற்றுக்குச் செய்யும் மரியாதை. நுவரெலியாவைப் பொறுத்தவரை பள்ளத்தாக்குக்காரர் ஒன்றை யோசிக்க வேண்டும்: மலை, தேயிலை, பனி, அருவி என்ற நான்கும் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறினாலே கிடைக்கின்றன. ஊரில் இல்லாத கடலைத் தேடிப் போய், ஊரில் இருக்கிற மலையில் இரண்டு நாளைக் கழிப்பதில் பொருள் இல்லை. கொஞ்சம் வெளியே போய் வர விரும்பினால் அரை நாளில் காலி போய் வரலாம். போர்த்துகீசியர் தொடங்கி டச்சுக்காரர் பெருக்கிய கோட்டை அது. 1988 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மதிலின்மேல் நடந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓட்டு வீடுகள்.

திரும்பும் நாளில் விமானம் மாலையில் என்றால் வழியில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிடுவதை மட்டும் நான் கூடுதலாகப் பரிந்துரைப்பேன். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த, 1409-ஆம் ஆண்டு பொறித்த கல் அங்கே இருக்கிறது. 1911-இல் காலியில் கண்டெடுத்த அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள் இருக்கின்றன. சீனப் பகுதி புத்தரையும் பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்ற, தமிழ்ப் பகுதி தீவின் தென்கோடியில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. இந்துமாக்கடலின் வணிகத்தில் தமிழ் எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான சான்று கிடையாது. ஓய்வெடுக்கப் போன பயணத்தில் இதைப் பார்த்துவிட்டு வருவது, பத்து ஊர்களை வண்டி ஜன்னலில் பார்ப்பதைவிட மனதில் தங்கும்.

அடுத்த மறுப்பு மாலத்தீவின் பக்கத்திலிருந்து வரும். கடலுக்குமேல் மர வீடும், காலடியில் பவளப் பாறையும் மீன் கூட்டமும், ஆளரவமற்ற தனித்தீவும் இலங்கையில் உண்டா என்று கேட்பார்கள். இல்லைதான். அந்தத் தனிமை மாலத்தீவுக்கே உரியது. பெந்தோட்டையில் தண்டவாளம் ஓடும், ஊர் இருக்கும், மீன் விற்பவர் வருவார். ஐந்தாறு இரவுகளும் அதற்குரிய பணமும் இருப்பவர்கள், அதிலும் தனிமையையே நாடும் புதுமணத் தம்பதிகள், மாலத்தீவுக்குப் போகலாம். அவர்களும் விரைவுப் படகில் எட்டும், மாலேக்கு அருகிலுள்ள விடுதியைத் தேர்ந்தால் கடல் விமானத் தடை நீங்கும். ஆனால் செலவைக் கணக்கிடும்போது ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதன் பொருளையும் சேர்க்க வேண்டும். பசித்தால் விடுதிச் சாப்பாடு, தாகித்தால் விடுதித் தண்ணீர். எதிர்க்கடை என்று ஒன்று கிடையாது. அதன்மேல் 2025 முதல் ஆளுக்கு ஓர் இரவுக்குப் பன்னிரண்டு டாலர் பசுமை வரி, நூற்றுக்குப் பதினேழு சுற்றுலா வரி, சேவைக் கட்டணம் தனி. இலங்கையிலும் வரி இருக்கிறது; சேவைக் கட்டணம் பத்து விழுக்காடும் மதிப்புக் கூட்டு வரி பதினெட்டு விழுக்காடும் உண்டு. ஆனால் விடுதிக்கு வெளியே ஓர் ஊர் இருப்பதால் ஒரு வேளை சோறும் கறியும் ஊர் விலைக்குச் சாப்பிடலாம், இளநீர் ஊர் விலைக்குக் குடிக்கலாம். ஊர் இருப்பது குறை என்று தோன்றும் இடத்திலேயே அதன் நன்மையும் இருக்கிறது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. தமிழர் அவ்வளவு துயரப்பட்ட தீவில் போய் உல்லாசமாக இருக்கலாமா என்று தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் மனதாரக் கேட்கிறார்கள். 2009 மே மாதத்தில் முடிந்த போரின் காயம் ஆறிவிட்டது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதற்கும் முன்னால் மதுரை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து காபி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களின் கதை இருக்கிறது. 1964 ஒப்பந்தம் அவர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசுகளும் பேசி முடிவு செய்தது. இவற்றை மறந்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. போகாமல் இருப்பதால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவர்களில் சிங்களர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தார்கள். விடுதி ஊழியரும் வாகன ஓட்டியும் சுற்றுலாப் பணத்தில்தான் எழுந்து நிற்கிறார்கள். 2024-இல் அங்கு சென்ற இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளில் நான்கு லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள். அந்த எண்ணிக்கைக்கு ஒரு குரல் உண்டு. மனம் ஒப்பாதவர்கள் ஆறு நாள் ஒதுக்கிக் கிழக்குக் கரைக்குப் போய்த் தமிழர் நடத்தும் கடைகளிலும் விடுதிகளிலும் செலவு செய்யலாம். பாசிக்குடாவில் போருக்குப் பின் எழுந்த பெரிய விடுதிகளால் மீனவர்களின் கரை உரிமை சுருங்கியதா என்ற கேள்வி இருக்கிறது. அங்கே போகிறவர் கரை யாருடையது என்று கேட்கவும், படகுகள் ஒதுங்கும் இடத்தை மதிக்கவும் வேண்டும். துயரம் நடந்த மண்ணுக்கு மரியாதையோடு போவது, போகாமலே இருப்பதைவிடத் தாழ்ந்தது அல்ல என்பது என் முடிவு.

சொகுசு விடுமுறையே வீண் ஆடம்பரம், அந்தப் பணத்தில் ஒரு போர்வெல் போடலாம் என்ற குரலும் நம் வீடுகளில் கேட்கும். கடன் வாங்கிப் போகும் விடுமுறைக்கு நானும் எதிரானவன். ஆனால் கைக்காசில், ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் நான்கு நாள் ஓய்வை ஆடம்பரம் என்று தள்ளுவது, உழைப்பவர்களுக்கு ஓய்வு தேவையில்லை என்று சொல்வதாகும். கோயில் யாத்திரைக்கும் கல்யாணச் செலவுக்கும் கணக்குப் பார்க்காத நாம், கணவனும் மனைவியும் பிள்ளைகளும் தொந்தரவில்லாமல் சேர்ந்திருக்கும் நான்கு நாளுக்குக் கணக்குப் பார்க்கிறோம். அதிலும் நம் வீட்டுப் பெண்களுக்குச் சமையலறையிலிருந்து முழு விடுதலை கிடைப்பது விடுதியில் இருக்கும் நாட்களில் மட்டும்தான். அதற்காகவே அந்தச் செலவு தகும்.

ஆகவே பணத்தை எங்கே கொட்டுவது, எங்கே இறுக்குவது என்பதும் மணிக்கணக்கிலிருந்தே வர வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்தும் இடத்தில் தாராளமாகச் செலவிடுங்கள்: மதுரைக்கு நல்ல வாடகைக் கார், கட்டுநாயக்கவில் பெயர்ப் பலகையோடு காத்திருக்கும் வண்டி, அதிவேகப் பாதைக் கட்டணம், முன்னதாக அறை தரச் சம்மதிக்கும் விடுதி. நேரத்தைத் தின்னும் இடத்தில் இறுக்குங்கள்: நாள் முழுக்கச் சுற்றிக்காட்டும் பயணங்கள், மணிக்கற்கள் விற்கும் கடைகள், அறையில் உட்காரவே நேரமில்லாதவருக்கு மிகப் பெரிய அறை. அறையை உறுதி செய்யும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். சொல்லும் விலையில் சேவைக் கட்டணமும் வரியும் அடக்கமா? அறை கடலை நேரே பார்க்கிறதா, எட்டிப் பார்த்தால் தெரிகிறதா? சைவம் மட்டும் சாப்பிடுவோருக்கு இரவு உணவில் என்ன உண்டு? விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். அதைக் கவனிக்காதவருக்குக் கடைசி நாள் ரசீதில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட முப்பது கூடியிருக்கும். இலங்கை நுழைவு அனுமதியின் விதிகள் சில ஆண்டுகளாக அடிக்கடி மாறி வருகின்றன. விமானச் சீட்டு எடுக்கும் வாரத்தில் அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிடுங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் அப்போதே சரிபாருங்கள்.

ஒரு பள்ளத்தாக்கு ஊரிலிருந்து தீவுக்குப் போகிறவர் எடுக்க வேண்டிய முடிவுகள் மூன்றுதான்; அவற்றின் வரிசை முக்கியம். முதலில் மாதம், அடுத்து கரை, கடைசியில் விடுதி. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: விடுதியின் படத்தில் மயங்கி முன்பணம் கட்டிவிட்டு, பிறகு விமானம் தேடி, கடைசியில் மழையைப் பற்றிக் கேட்கிறோம். வரிசையை நேராக்கினால் செலவும் குறையும், பயணமும் சிறக்கும். தை பிறந்தபின் நான்கு நாள் ஒதுக்குங்கள், மதுரையில் விமானம் ஏறுங்கள், தென்மேற்குக் கரையில் ஒரே விடுதியில் மூன்று இரவு தங்குங்கள், பெட்டியை ஒருமுறை மட்டும் திறங்கள், ஒருமுறை மட்டும் மூடுங்கள். மற்ற ஊர்களெல்லாம் அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும்.